உதவிக்கு நின்ற கைகள்: குடல்வால் ஆபரேஷனின் கதை



போன மாதம் பேத்திக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனதைக் கேள்விப்பட்டு போனிலும் நேரிலும் விசாரித்த எல்லோருக்கும் நன்றி. நன்றாக இருக்கிறாள். மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். வயிற்றில் மூன்று சின்ன பிளாஸ்திரி, அவ்வளவுதான். "வயிறு வலிக்கலை பாட்டி, தோள்பட்டைதான் வலிக்குது" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள் ஏன் வலிக்க வேண்டும்? அதைக் கேட்கப் போய்த்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீண்டுவிட்டது. நம் பள்ளியில் படித்து இப்போது ஒரு ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கும் பிள்ளை ஒருத்தி மாலையில் போன் செய்து எனக்கு விளக்கமாகச் சொன்னாள். அப்போது அவள் சொன்ன ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. "டீச்சர், டாக்டர் கை நல்லா இருந்தா மட்டும் பத்தாது. கேமரா பிடிக்கிறவங்க கை ஆடாம இருக்கணும். அவங்க கண்ணுதான் டாக்டருக்குக் கண்ணு."

அதன்பிறகு இரண்டு வாரமாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். ரிட்டயர் ஆனவளுக்கு வேறென்ன வேலை! படித்ததை வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

முதலில் குடல்வால் என்றால் என்ன? சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில், வலது பக்கம் அடிவயிற்றில், சுண்டுவிரல் போலத் தொங்கும் ஒரு சிறு குழாய். ஒரு முனை மூடியது. உள்ளே அடைப்பு ஏற்பட்டால் வீங்கும், சீழ் பிடிக்கும், கவனிக்காமல் விட்டால் வெடிக்கும். வெடித்தால் வயிறு முழுக்க விஷம்தான். 15ஆம் நூற்றாண்டிலேயே லியனார்டோ டா வின்சி தன் உடற்கூறு ஓவியங்களில் இதை வரைந்து வைத்திருக்கிறார். ஆனால் அது ஆளைக் கொல்லும் என்று மருத்துவர்களுக்குப் புரிய இன்னும் நானூறு வருஷம் ஆனது.

1735ஆம் ஆண்டு லண்டனில், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் கிளாடியஸ் அமியாண்ட் என்ற அறுவை மருத்துவர் 11 வயதுப் பையன் ஒருவனுக்குக் குடலிறக்கத்துக்காக ஆபரேஷன் செய்தார். பிரித்துப் பார்த்தால், இறங்கியிருந்த பைக்குள் குடல்வால் இருக்கிறது. அதைக் குத்திக்கொண்டு ஒரு குண்டூசி! பையன் எப்போதோ விழுங்கியது. அமியாண்ட் குடல்வாலை வெட்டி எடுத்தார், பையன் பிழைத்தான். பதிவில் உள்ள முதல் குடல்வால் அறுவை இதுதான். அப்போது மயக்க மருந்தே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். ஏறத்தாழ அரைமணி நேரம் அந்தப் பிள்ளையை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருந்தார்களோ! உதவியாளர் என்றால் அன்றைக்கு முதல் வேலை அதுதான்.

அதற்குப் பிறகும் நூற்றைம்பது வருஷம், வலது அடிவயிற்று வலியால் செத்தவர்களுக்கு என்னென்னவோ பெயர் சொன்னார்கள். 1886இல் பாஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபிட்ஸ்தான் "இதற்கெல்லாம் காரணம் குடல்வால், சீக்கிரம் வெட்டி எடுங்கள்" என்று அடித்துச் சொன்னார். அப்பென்டிசைடிஸ் என்ற பெயரும் அவர் வைத்ததே. மூன்று வருஷம் கழித்து நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி, வலி எந்த இடத்தில் அழுத்தமாக இருக்கும் என்று விரல் வைத்துக் காட்டினார். வலது இடுப்பு எலும்பின் முன்முனைக்கும் தொப்புளுக்கும் ஒரு கோடு போடுங்கள். எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உள்ள புள்ளி. இன்றைக்கும் டாக்டர்கள் அங்கேதான் அமுக்கிப் பார்க்கிறார்கள். இந்த வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் ஆரம்பிக்கும், பிறகு வலது பக்கம் இறங்கி நிற்கும். வாந்தி, பசியின்மை, லேசான காய்ச்சல் கூடவே வரும். அப்படி வலித்தால் விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். டாக்டரிடம் போங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கொரு காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

இந்த நோயை ஊர் உலகமெல்லாம் பேச வைத்தது ஒரு ராஜா. இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்டுக்கு 1902 ஜூன் 26 அன்று முடிசூட்டு விழா. உலகெங்கிலுமிருந்து விருந்தினர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். ராஜாவுக்கு வயிற்றுவலி. குடல்வாலைச் சுற்றிச் சீழ் கட்டிவிட்டது என்றார் ஃபிரெடரிக் ட்ரீவ்ஸ் என்ற அறுவை மருத்துவர். ராஜாவோ விழாவுக்குப் போயே தீருவேன் என்கிறார். போனால் பிணமாகத்தான் போக வேண்டியிருக்கும் என்று ட்ரீவ்ஸ் முகத்துக்கு நேரே சொன்னதாகச் சொல்வார்கள். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், ஜூன் 24 அன்று, பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே ஒரு அறையை ஒழித்து ஆபரேஷன் நடந்தது. சீழை வடித்துவிட்டார்கள். ராஜா பிழைத்தார், ஆகஸ்ட் 9 அன்று முடி சூட்டிக்கொண்டார்.

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். ட்ரீவ்ஸ் வீட்டுக் கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1900இல், அவருடைய சொந்த மகள் ஹெட்டி இதே நோயில், குடல்வால் வெடித்து இறந்துபோனாள். இங்கிலாந்திலேயே குடல்வால் பற்றி அதிகம் தெரிந்தவர்களில் ஒருவர் அந்தப் பெண்ணின் அப்பா. அவருக்கே காலம் தப்பிவிட்டது. ராஜாவிடம் அவர் அத்தனை பிடிவாதமாக நின்றது ஏன் என்று இதைப் படித்த பிறகு எனக்குப் புரிந்தது.

சரி, உதவிக் கைகளுக்கு வருவோம்.

நான் பிறந்தது 1961. அந்த வருஷம் ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் விண்வெளிக்குப் போனார் என்று ஆறாம் வகுப்பில் உங்களுக்கெல்லாம் நடத்தியிருக்கிறேன். அதே மாதம் 30ஆம் தேதி, அதே நாட்டைச் சேர்ந்த, அதே 27 வயதுள்ள இன்னொருவர் செய்த காரியத்தை அப்போது நடத்தாமல் போனேனே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது. லியனித் ரோகோசோவ் என்பது அவர் பெயர். லெனின்கிராடைச் சேர்ந்த இளம் அறுவை மருத்துவர். அண்டார்டிகாவில் சோவியத்காரர்கள் புதிதாகக் கட்டிய நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில் பனிக்காலத்தைக் கழிக்கத் தங்கிய சுமார் ஒரு டஜன் பேரில் இவர் ஒருவர்தான் டாக்டர்.

ஏப்ரல் 29 காலையில் அவருக்கே வலி வந்தது. உடம்பு தளர்ச்சி, குமட்டல், காய்ச்சல், பிறகு வலது பக்கம் இறங்கிய வலி. டாக்டர் ஆயிற்றே, உடனே தெரிந்துவிட்டது. மருந்து எடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. அடுத்த சோவியத் நிலையம் 1,600 கிலோமீட்டருக்கு அப்பால். வெளியே பனிப்புயல், விமானம் வராது. கப்பல் வர இன்னும் பல மாதம். மற்ற நாட்டு நிலையங்கள் எதிலும் விமானம் இல்லை. யோசித்துப் பாருங்கள். நோய் தெரியும், மருத்துவம் தெரியும், கருவிகள் இருக்கின்றன. செய்ய வேண்டிய ஆள்தான் மேசையில் படுத்திருக்கிறார்.

தானே செய்துகொள்வது என்று முடிவெடுத்தார். இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். "தனக்குத்தானே ஆபரேஷன் செய்துகொண்ட டாக்டர்" என்று படத்தோடு இணையத்தில் சுற்றுகிறதே, அதில் அவர் ஒருவர்தான் ஹீரோ. ஆனால் அவர் தனியாக அதைச் செய்யவில்லை. வானிலை ஆய்வாளர் அர்த்தேமியேவ், வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் கொக்கிகளைப் பிடித்துக்கொண்டார். வண்டி ஓட்டும் தெப்ளின்ஸ்கி கண்ணாடியும் விளக்கும் பிடித்தார். அந்த இரண்டு பேரில் யாராவது மயங்கி விழுந்தால் மாற்றாக நிற்க, நிலையத்தின் தலைவர் கெர்போவிச்சும் அறைக்குள் வந்து நின்றார். மூவரும் அதற்கு முன் மனித வயிற்றின் உட்புறத்தைப் பார்த்தவர்கள் இல்லை. ஆரம்பிக்கும் முன் ரோகோசோவ் அவர்களுக்குப் பாடம் எடுத்தார். எந்தக் கருவிக்கு என்ன பெயர், கையை எப்படிக் கழுவ வேண்டும் என்பதிலிருந்து, தான் நினைவிழந்தால் எந்த ஊசியை எப்படிப் போடுவது, செயற்கை மூச்சு எப்படிக் கொடுப்பது என்பது வரை. கத்தி எடுப்பதற்கு முன் திரும்பிப் பார்த்தால், உதவிக்கு நின்றவர்கள் போட்டிருந்த வெள்ளை அங்கியைவிட வெளுத்துப்போய் நின்றார்களாம். அவரே பின்னால் எழுதியிருக்கிறார்.

நோவோகெயின் ஊசியால் வயிற்றுச் சுவரை மட்டும் மரக்கச் செய்துகொண்டு, பாதி சாய்ந்தபடி, கொஞ்சம் இடப்பக்கம் ஒருக்களித்து, 10, 12 சென்டிமீட்டர் நீளம் கீறினார். கண்ணாடியில் பார்த்துச் செய்வதாகத்தான் திட்டம். ஆனால் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்து கையைக் குழப்பியது. கையுறையைக்கூடப் போடாமல், தடவித் தடவி, விரலே கண்ணாகப் பாதிக்கு மேல் செய்தார். நடுவில் தவறுதலாகப் பெருங்குடலின் தொடக்கப் பகுதியைக் கிழித்துவிட்டு அதையும் தைத்தார். முப்பது நாற்பது நிமிஷத்துக்குப் பிறகு தலை சுற்ற ஆரம்பித்தது. கொஞ்சம் செய்வது, இருபது விநாடி ஓய்வு, மறுபடி செய்வது. குடல்வாலை எடுத்துப் பார்த்தபோது அடியில் கறுத்திருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வெடித்திருக்கும். மொத்தம் ஒன்றேமுக்கால் மணி நேரம். ஏழாம் நாள் தையல் பிரித்தார், இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். 2000ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

இவருக்கு நாற்பது வருஷம் முன்பே, 1921இல், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இவான் ஓ'நீல் கேன் என்ற, 60 வயதை நெருங்கிய மருத்துவர் தன் குடல்வாலைத் தானே எடுத்துக்கொண்டார். ஆனால் அது வேறு கதை. முழு மயக்கம் கொடுக்காமல் மரக்கும் ஊசியிலேயே இதைச் செய்யலாம் என்று நிரூபிக்க, தன் சொந்த மருத்துவமனையில், சுற்றி மற்ற டாக்டர்கள் நிற்கச் செய்தது. அதைத் துணிச்சல் என்பதா விளையாட்டு என்பதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரோகோசோவுக்கு விளையாட நேரமில்லை. இன்றைக்கும் ஆஸ்திரேலியாவின் அண்டார்டிகா நிலையங்களில் பனிக்காலம் தங்கப் போகும் டாக்டர், போகும் முன்பே தன் குடல்வாலை எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் வயிற்றைத் திறந்து செய்வது. துளை போட்டுச் செய்வது எங்கே தொடங்கியது?

1901இல் ஜெர்மானியர் கியோர்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றுக்குள் காற்றை ஏற்றி, குழாய் வழியாக உள்ளே பார்த்துக் காட்டினார். 1910இல் ஸ்வீடனின் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாகோபேயஸ் மனிதர்களுக்குச் செய்தார். ஆனால் அதெல்லாம் பார்ப்பதற்கு மட்டும். உள்ளே கத்தரிக்கோலை விட்டு ஒரு உறுப்பையே வெட்டி எடுக்கலாம் என்று துணிந்தவர் குர்ட் செம்.

இந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. காரணம், டாக்டராகும் முன்பே கருவிகள் செய்யும் பட்டறைத் தொழில் கற்றவர். வடக்கு ஜெர்மனியில் கீல் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் மருத்துவப் பிரிவின் தலைவர். அவருக்கு வேண்டிய கருவி கடையில் இல்லையென்றால் அவரே வடிவமைத்துக்கொள்வார். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை அளவோடு ஏற்றி, அழுத்தம் கூடாமல் தானே பார்த்துக்கொள்ளும் இயந்திரம் அவர் செய்ததே. ஏன் கார்பன் டை ஆக்சைடு? அறிவியல் பாடம் நினைவிருக்கிறதா? அது எரியாது. மின்சாரத்தால் ரத்தக் குழாயைச் சுட்டு மூடும்போது தீப்பிடிக்காது. இரத்தத்தில் எளிதாகக் கரைந்து, மூச்சு வழியாக வெளியே போய்விடும். மிச்சம் தங்கிய வாயு மேலே போய் உதரவிதானத்தை உறுத்தும். அந்த நரம்பும் தோளுக்கு வரும் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. மூளை ஏமாந்து, தோள் வலிக்கிறது என்கிறது. பேத்தியின் தோள்வலிக்கு விடை கிடைத்துவிட்டது.

1980 செப்டம்பரில் செம், வயிற்றைத் திறக்காமல், துளைகள் வழியாகவே ஒரு குடல்வாலை முழுக்க எடுத்தார். உலகத்தில் முதல் தடவை. பாராட்டினார்களா? கேளுங்கள் கூத்தை. ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத் தலைவர், இவரை மருத்துவத் தொழிலிலிருந்தே நிறுத்திவைக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். ஒரு கூட்டத்தில் இவர் படம் காட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, இந்த மாதிரி நெறி கெட்ட வேலையைப் பார்க்க மாட்டோம் என்று படம் காட்டும் கருவியின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1983இல்தான் வேறோர் இதழில் வந்தது. அதற்கு முன்னமே, இவர் கீல் நகரத்துக்கு வந்த புதிதில், கூட வேலை பார்த்தவர்கள் இவருக்கு மூளைக் கோளாறோ என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார்களாம்.

எதிர்த்தவர்கள் எல்லோரும் முட்டாள்கள் அல்லர். பெரிதாகத் திறந்தால்தான் ரத்தம் கசிந்தால் தெரியும், பிடிக்க முடியும் என்பது அவர்கள் அனுபவம். ஆனால் கொஞ்சம் சாதி வித்தியாசமும் இதில் இருந்தது என்று நினைக்கிறேன். பிரசவம் பார்க்கும் பிரிவுக்காரர் எங்கள் குடல்வாலைத் தொடுவதா என்ற எண்ணம். டீச்சர்ஸ் ரூமிலும் இதைப் பார்த்திருக்கிறேன். கணக்கு வாத்தியார் புதுமாதிரி தமிழ் நடத்தினால் யாருக்கும் பொறுக்காது! 1985இல் எரிக் மூஹே என்பவர் பெப்லிங்கன் என்ற ஊரில் இதே முறையில் பித்தப்பையை எடுத்தபோது அவரையும் இப்படித்தான் நடத்தினார்கள். பிறகு பிரான்ஸும் அமெரிக்காவும் அதைக் கையில் எடுத்ததும், ஐந்தாறு வருஷத்தில் உலகமே துளைக்கு மாறிவிட்டது. இந்தியாவில் 1990இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹம்டன் உத்வாடியா முதல் பித்தப்பையை இப்படி எடுத்தார். அடுத்த சில வருஷங்களில் நம் கோயம்புத்தூரில் டாக்டர் பழனிவேலு இதைத் தொடங்கினார். சிறு வயதில் மலேசியத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்துவிட்டு, பிறகு வந்து படித்து டாக்டரானவர் அவர். பிள்ளைகளே, வயசாகிவிட்டது என்று படிப்பை விட்டவர்கள் கவனிக்க.

இப்போது அந்தத் தியேட்டர்காரப் பிள்ளை சொன்ன கேமராக் கைக்கு வருகிறேன்.

செம் காலத்தில் குழாயின் நுனியில் கண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் டாக்டரே ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, மற்றொரு கையால் வேலை செய்தார். பக்கத்தில் நிற்பவருக்கு உள்ளே நடப்பது சரியாகத் தெரியாது. தெரியாதவர் எப்படி உதவ முடியும்? 1980களில் குழாயின் முனையில் பொருத்தும் சின்ன வீடியோ கேமரா வந்தது. டாக்டர் நிமிர்ந்தார். இரண்டு கையும் விடுதலையானது. அறையில் உள்ள எல்லோரும் திரையில் ஒரே காட்சியைப் பார்த்தார்கள். ஆனால் ஒரு புதுச் சிக்கல்: கேமராவைப் பிடிக்க இன்னோர் ஆள் வேண்டும்!

அது லேசான வேலை இல்லையாம். தொப்புளில் போட்ட துளைதான் அச்சு. வெளியே கையை வலப்பக்கம் தள்ளினால் உள்ளே முனை இடப்பக்கம் போகும். மேலே தூக்கினால் கீழே இறங்கும். ஏற்ற இறக்கப் பலகையில் நீங்கள் விளையாடிய அதே நெம்புகோல் பாடம். ரோகோசோவைக் கண்ணாடி குழப்பியதுபோல இவர்களைத் துளை குழப்புகிறது. கை லேசாக நடுங்கினாலும் திரையில் அது பூகம்பம். அரைமணி நேரத்தில் கை சோர்ந்துவிடும், காட்சி மெல்ல ஒரு பக்கம் சாயும். முனையில் ஈரம் படிந்து மங்கும், வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். இதையெல்லாம் செய்பவர் பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலேயே சின்னவர், அப்போதுதான் கற்றுக்கொள்ள வந்தவர். ராத்திரி இரண்டு மணிக்குக் குடல்வால் கேஸ் வந்தால் அந்தச் சின்னவரும் கிடைப்பதில்லை. குடல்வால் நேரம் பார்த்து வருவதில்லையே.

அதனால்தான் ஆள் இல்லாமல் செய்ய முடியுமா என்ற யோசனை வந்தது. கலிஃபோர்னியாவில் யூலுன் வாங் என்ற பொறியாளர் தொடங்கிய கம்ப்யூட்டர் மோஷன் நிறுவனம், மேசையோரம் பொருத்தும் இயந்திரக் கை ஒன்றைச் செய்தது. பெயர் ஈசாப், நம் நீதிக்கதை ஈசாப்தான்! 1994இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. முதலில் காலால் மிதித்து ஓட்டினார்கள். இரண்டு வருஷத்தில் வாயால் சொன்னால் கேட்கும் வகை வந்தது. "ஈசாப், இடது" என்றால் கேமரா இடப்பக்கம் நகரும். இங்கிலாந்தில் வேறொன்று வந்தது. அது டாக்டர் தலையைத் திருப்பும் பக்கம் கேமராவைத் திருப்பும். இதற்கெல்லாம் செலவு செய்ய முடியாதவர்கள் சாதாரண வளையும் இரும்புக் கையை மேசையில் முடுக்கி, அதில் கேமராவை மாட்டிக்கொண்டார்கள். தென்கொரியாவில் சிலர் தொப்புளில் ஒரே துளை போட்டு, இப்படி ஒரு பிடியை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, உதவி மருத்துவர் இல்லாமல் குடல்வாலை எடுத்தார்கள். பாதுகாப்பாகச் செய்ய முடிகிறது என்று எழுதினார்கள்.

இயந்திரக் கை நடுங்காது, சோராது, கொட்டாவி விடாது. ஆனால் முனை மங்கினால் தானே துடைத்துக்கொள்ளாது. ரத்தம் திடீரென்று பீறிட்டால் "ஐயோ, அங்கே பாருங்க சார்" என்று சொல்லாது. 2003இல் ஈசாப் நிறுவனம் அதன் போட்டி நிறுவனத்தோடு இணைந்தது. அந்தப் போட்டி நிறுவனத்தின் ரோபோ பெயர் டா வின்சி. குடல்வாலை வரைந்த அதே டா வின்சி! அந்த ரோபோவில் டாக்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கேமராவையும் கருவிகளையும் தானே ஓட்டுகிறார். ஆனாலும் நோயாளி பக்கத்தில் கருவி மாற்ற ஓர் ஆள் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு, கடலுக்கு அப்பால் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருந்த பெண்மணிக்குப் பித்தப்பையை எடுத்தார் ழாக் மரேஸ்கோ. அங்கேயும் மேசையருகில் டாக்டர்கள் நின்றார்கள். 2022இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ரோபோ ஒன்று, ஒரு பன்றியின் குடல் முனைகளைப் பெரும்பாலும் தானே தைத்துச் சேர்த்தது. இனி என்னென்ன வருமோ.

எனக்கு ஒரு கேள்வி உண்டு, டாக்டரான மாணவர்கள் பதில் சொல்லுங்கள். கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சின்னவர், அந்த ஆறு மாதம் ஒரு வருஷம் நிற்பதில்தானே தொழிலைக் கற்கிறார்? பெரியவர் எங்கே தயங்குகிறார், எங்கே அவசரப்படுகிறார் என்று அங்கிருந்துதானே தெரிகிறது? இரும்புக் கை அந்த இடத்தில் நின்றால் அவர் எங்கே நிற்பார்? பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தேன் நான். ஆனால் பாடம் நடத்தக் கற்றது ஒரு பெரிய டீச்சரின் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து, கரும்பலகையைத் துடைத்துக் கொடுத்துத்தான். செம் இதற்கும் ஒரு வழி செய்திருந்தார். உடம்பைத் தொடும் முன் வெளியிலேயே பழக ஒரு பயிற்சிப் பெட்டி வடிவமைத்தார். ஆனால் பெட்டிக்கு வலிக்காது.

இனி, முன்னே சொன்ன காரணம்.

1988. நான் வேலைக்கு வந்து நாலு வருஷம். ஏழாம் வகுப்பு. அரைப் பரீட்சை, கணக்குத் தாள். காலையில் ஒரு பையன் வயிறு வலிக்கிறது என்றான். கணக்கு என்றால் அவனுக்கு எப்போதும் வயிறு வலிக்கும். "எழுதிட்டுப் போ" என்று உட்கார வைத்தேன். மதியம் சத்துணவு ஆயா என்னிடம் வந்து, "டீச்சர், பிள்ளை முகம் சரியில்லை, சோத்தத் தொடலை. ஒருக்களிச்சு முட்டியை மடக்கியே படுத்திருக்கான்" என்றார். ஓமத் தண்ணீர் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தாள் திருத்தப் போய்விட்டேன். இரவு வெடித்தது. அவன் அப்பா மாட்டு வண்டியில் வைத்து மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து லாரி பிடித்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். வயிற்றை முழுக்கத் திறந்து கழுவினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தான். பிழைத்தான், ஆனால் அந்த வருஷப் படிப்பு போயிற்று. அந்த ஆயாவுக்கு மெக்பர்னியும் தெரியாது ஃபிட்ஸும் தெரியாது. பார்த்தார், சொன்னார். கேட்க வேண்டியவள் கேட்கவில்லை. அவர் காலமாகிப் பதினொரு வருஷம் ஆகிறது. இதை அவரிடம் ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயதை நெருங்குகிறது. இந்தப் பதிவையும் படிப்பான். போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பார்க்க சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்திருந்தான். பேத்தி தன் மூன்று பிளாஸ்திரிகளைப் போனில் படம் எடுத்து வைத்திருந்ததைப் பெருமையாகக் காட்டினாள். அவன் சட்டையைத் தூக்கித் தன் தழும்பைக் காட்டினான். தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரைக்கும். அவள் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "மாமா, உங்களுக்கு யாரு கேமரா பிடிச்சாங்க?" என்று கேட்டாள்.

"அப்பல்லாம் கேமரா ஏதும்மா? எங்க டீச்சருக்கே என் வயித்துவலி தெரியலை" என்று சொல்லிச் சிரித்தான்.

நான் காப்பி போடுவதற்காக உள்ளே போய்விட்டேன்.